2,563 பேர் உட்கார்ந்த கூடம்

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியும் மகளும் ஒவ்வொரு சேலையாகப் பிரிக்கச் சொல்லி விற்பனைப் பெண்ணின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். "விலை சேலையில்தான் ஒட்டியிருக்கிறது, கூரையில் இல்லை" என்றாள் மனைவி.

நான் விலை பார்க்கவில்லை. நான் நிற்கிற உயரம் பழைய கணக்கில் எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். படம் ஓட்டும் ஆபரேட்டர் கேபினிலிருந்து கிளம்பிய வெளிச்சம் இந்த இடத்தில் என் தலைக்கு மேலே போயிருக்குமா, நெஞ்சுக்கு நேரே போயிருக்குமா? அந்தப் பட்டு அடுக்குகளுக்கு அப்பால் இருந்தது திரையா, வெறும் சுவரா? அப்பாவைக் கேட்கலாம். அவர் கீழ்த்தளத்தில், பை தூக்க வந்த ஆண்களுக்கென்று போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மனையில்தான் தங்கம் தியேட்டர் இருந்தது. மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1952 தீபாவளி, அக்டோபர் 17. ‘பராசக்தி’ வெளியான அன்று, அதே படத்தோடு திறந்த தியேட்டர் அது. சிவாஜி கணேசனுக்கும் அது முதல் படம் என்பதால், நடிகருக்கும் தியேட்டருக்கும் திரையில் ஒரே பிறந்தநாள். 2,563 இருக்கைகள். 52,000 சதுர அடி. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊர் பெருமையடித்துக்கொண்டது. ஆசியாவை அளந்து பார்த்தவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. ஆனாலும் அதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

52,000 சதுர அடி என்றால் ஒரு ஏக்கர் 19 சென்ட். எங்கள் தாத்தாவின் கைக்கு வந்த வயலைவிடப் பெரிது என்று அப்பா சொல்வார். இன்னொரு கணக்கு நானே போட்டது. 1951 குடிமதிப்பில் மதுரையின் மக்கள்தொகை சுமார் 3.6 லட்சம். 2,563 ஆல் வகுத்துப் பாருங்கள். ஹவுஸ்ஃபுல் ஆன ஒரு காட்சியில், ஊரில் இருந்த ஏறக்குறைய 140 பேரில் ஒருவர் அந்த ஒரே கூடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். கைக்குழந்தை, கிழவர், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் எல்லாரையும் சேர்த்த 140 பேரில் ஒருவர். இன்றைய மல்டிபிளெக்ஸ் அரங்கு ஒன்றில் இருநூறு, முந்நூறு பேர் உட்காருகிறார்கள். தங்கத்தின் ஒரு காட்சிக் கூட்டத்தை உட்காரவைக்க அப்படிப்பட்ட அரங்குகள் பத்தாவது வேண்டும்.

இடிக்கப்பட்ட தியேட்டர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முகப்பிலிருந்து தொடங்குவது வழக்கம். வளைவு, கோபுர விளக்கு, படிக்கட்டு, கண்ணாடி என்று. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. மதுரையில் முகப்புக் கட்டி யாரும் யாரையும் மயக்க முடியாது. தெற்குக் கோபுரம் 170 அடி உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கிற ஊரில் தெருவைப் பார்த்த சுவரை எவ்வளவு அலங்கரித்தாலும் அது சுவர்தான். தங்கத்தின் கட்டடக்கலை என்று ஒன்று இருந்தது என்றால் அது உள்ளே இருந்தது. அதைப் புரிந்துகொள்ள மீனாட்சி அம்மன் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 985 தூண்கள். கல்லால் கூரை போடுகிறவனுக்கு வேறு வழியில்லை. கல் பாரத்தைத் தாங்கும், ஆனால் நீளமாகக் கிடத்தினால் முறியும். ஆகவே சில அடிக்கொரு தூண். அதில் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் மண்டபத்தில் மனிதர்கள் நடக்கிறார்கள். ஒரு தூண் மறைத்தால் இரண்டடி தள்ளிப் போனால் போதும், அடுத்த சிற்பம் தெரியும். தூண் மறைப்பதும் அங்கே அழகில் சேர்த்திதான். சினிமாக் கொட்டகையில் அந்தக் கதை நடக்காது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேரும் அசையாமல் உட்கார்ந்து, ஒரே திசையில், ஒரே வெள்ளைத் துணியைப் பார்க்க வேண்டும். நடுவே ஒரு தூண் நின்றால் அதன் பின்னால் உட்கார்ந்தவன் மூன்று மணி நேரமும் தூணைத்தான் பார்ப்பான்; மறுநாள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பான். ஆகவே தூண்களுக்குப் பேர்போன ஊரில் கண்ணை மறைக்காத ஒரு பெருங்கூடம் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு இரும்புச் சட்டக் கூரை வேண்டும். இரும்பும் சிமென்ட்டும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த, மூட்டைக்கு மூட்டை அனுமதி வாங்கவேண்டியிருந்த ஆண்டுகள் அவை. கட்டி முடிப்பதற்குள் தீபாவளி வந்துவிட்டது, பூச்சு காய்வதற்குள் படம் போட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தை யோசித்தால் நம்பத் தோன்றுகிறது.

அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தா ஹார்வி மில் தொழிலாளி. மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைத்திருக்கிறார்கள். அந்தத் தீபாவளிக்கு நான்கைந்து நாள் கழித்து, அப்பாவையும் அத்தையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு தாத்தா தங்கத்துக்குப் போயிருக்கிறார். படத்தைப் பற்றி அப்பாவுக்கு அன்று ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. "நான் படமே பார்க்கவில்லையடா. கூரையைத்தான் பார்த்தேன்" என்பார். அந்தக் கூரை எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருக்குத் தெரிந்த பெரிய கூரை கோயில் மண்டபம். அங்கே கூரைக்குக் கீழே தூண் இருக்கும். இங்கே தாங்க ஒன்றும் இல்லாமல் இத்தனை பெரிய கூரை எப்படி நிற்கிறது? இடைவேளையில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறார். தாத்தா முறுக்கை ஒடித்துக் கையில் கொடுத்து, "அது மேலேயிருந்து தொங்குகிறது" என்று சொல்லியிருக்கிறார். பிறகு அப்பா பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, பொதுப்பணித்துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தார். தாத்தாவின் அந்தப் பதில் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது என்று ஒருநாள் காகிதத்தில் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், அதாவது டிரஸ்ஸின், படம் வரைந்து எனக்கு விளக்கினார். அதில் கீழ்ச்சட்டம் இழுபட்டுத்தான் நிற்கிறது, மேல்சட்டம் அமுங்கி நிற்கிறது. விதானப் பலகைகள் உண்மையிலேயே மேலேயிருந்துதான் தொங்குகின்றன.

நான் தங்கத்தை அறிந்தது எண்பதுகளில். அதற்குள் அது பெரிய மனிதர் தோரணையை இழந்து, வீட்டுப் பெரியவர் மாதிரி ஆகியிருந்தது. யாரும் அதைப் பற்றி வியந்து பேசவில்லை. இருக்கிறது, போகிறோம், அவ்வளவுதான். சைக்கிள் ஸ்டாண்டில் கொடுக்கும் தகர வில்லையைச் சட்டைப்பையில் வைத்தால் படம் முடிகிறவரை அது நெஞ்சில் சில்லென்று இருக்கும். டிக்கெட் கவுண்டருக்குப் போகும் வழி ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய கம்பிச் சந்து. முன்னால் நிற்பவரின் முதுகும் பின்னால் நிற்பவரின் மூச்சும் மாறாமல் அரைமணி நேரம். கவுண்டர் என்பது சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. காசை மூடிய கையை உள்ளே விட்டால், உள்ளேயிருந்து இன்னொரு கை நம் விரல்களைப் பிரித்துக் காசை எடுத்துக்கொண்டு டிக்கெட்டைத் திணிக்கும். அந்தக் கைக்கு உரிய முகத்தை நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. மோதிரம் ஒன்று நினைவிருக்கிறது.

உள்ளே போனதும் முதலில் தெரிவது தரை. கால்தான் அதை முதலில் கண்டுகொள்ளும். வாசலில் சமமாக இருக்கும் தரை, நாலு எட்டு வைத்ததும் மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கும். இருட்டில் அது இறங்குகிறது என்பதே தெரியாது. உடம்பு மட்டும் தானாகக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்துகொள்ளும். தியேட்டர் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சரிவுதான் உயிர். ஒவ்வொரு வரிசையும் முன்வரிசையைவிட ஒரு பிடி உயர வேண்டும். அப்போதுதான் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே பின்னால் இருப்பவரின் பார்வை போகும். ரொம்பச் சரித்தால் நடப்பவர் தடுக்கி விழுவார், ரொம்பக் குறைத்தால் தொப்பி வைத்தவன் ஒருவன் ஒரு குடும்பத்தின் படத்தையே கெடுத்துவிடுவான். கட்டடத்தில் பெரிதும் சிறிதுமாக எவ்வளவோ இருக்க, கண்ணுக்கே தெரியாத அந்தச் சாய்வுதான் என் நினைவில் தங்கியிருக்கிறது. இன்றும் இருட்டில் ஏதாவது சரிவான பாதையில் இறங்கினால் முறுக்கு வாசனை வருகிறது.

அந்தச் சரிவு சமூகத்தையும் வரிசைப்படுத்தியது. அந்தக் காலக் கொட்டகைகளில் கீழே திரைக்கு மூக்கருகே தரை டிக்கெட், அதன் பின்னால் பெஞ்ச், அதற்கும் பின்னால் சேர், மேலே வசதி படைத்தவர்கள். நாடக மேடையில் காசுள்ளவன் முன்னால் உட்கார்ந்தான். சினிமா வந்ததும் காசில்லாதவன் முன்னுக்கு வந்தான். காரணம் ஒளியியல்தான், சமத்துவம் ஒன்றுமில்லை. திரைக்கு ரொம்பக் கிட்டே உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், முகங்கள் கோணும். ஆனால் விசிலும் கைத்தட்டலும் எப்போதும் முன்னாலிருந்துதான் கிளம்பின. படம் ஓடுமா ஓடாதா என்பதை முதல் நாள் முதல் ஆட்டத்தில் அவர்கள்தான் முடிவு செய்தார்கள்; பின்னால் இருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

கேட்பது என்றதும் சொல்லத் தோன்றுவது ஒன்றுண்டு. அவ்வளவு பெரிய கூடத்தில் ஒளியும் ஒலியும் ஒன்றாக வந்து சேர்வதில்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 1,125 அடிதான் போகும். திரைக்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து நூறு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு வசனம் விநாடியில் பதினொன்றில் ஒரு பங்கு தாமதமாக வரும். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது இரண்டு ஃபிரேம். அதாவது முன்வரிசைக்காரன் கேட்கத் தொடங்கிவிட்ட சொல்லைப் பின்வரிசைக்காரன் ஒரு நொடித்துளி பிந்தித்தான் கேட்கத் தொடங்குகிறான். கைத்தட்டல் முன்னால் எழுந்து பின்னால் பரவியதை அலை மாதிரி என்று சொல்வார்கள். அது அலையேதான். மனிதர்களின் தயக்கம் கொஞ்சம், காற்றின் தயக்கம் கொஞ்சம்.

இதைவிட முக்கியமான ஒன்றை நான் வெகுகாலம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். 1895 வாக்கில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடம் எதிரொலியால் பயனற்றுக் கிடந்தது. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் தூக்கி வந்து, ஒவ்வொன்றாகக் கூடத்தில் அடுக்கி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் இப்படி. ஒலியை மென்மையான பொருள்கள் உறிஞ்சுகின்றன, கூடம் பெரிதாகப் பெரிதாக உறிஞ்சும் பொருளும் அதிகம் வேண்டும் என்று அவர் கண்ட கணக்கில்தான் இன்றுவரை அரங்குகள் கட்டுகிறார்கள். அந்தச் சோதனையில் ஒரு சின்ன விஷயமும் தெரியவந்தது. ஆடை உடுத்தி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், ஏறக்குறைய ஆறு மெத்தைகளுக்குச் சமமாக ஒலியை உறிஞ்சுகிறார்.

இப்போது மதுரைக்கு வாருங்கள். பெஞ்சும் தரையும் நிறைந்த கொட்டகையில் மெத்தை எங்கே இருக்கிறது? கெட்டியான சுவர், சிமென்ட் தரை, மரப்பலகை. இவை எல்லாம் ஒலியைத் திருப்பி எறிகிற பொருள்கள். அங்கே மெத்தை என்று இருந்தது கூட்டம்தான். வேட்டியும் சேலையும் துண்டும் தலைமுடியும் மடியில் தூங்கும் குழந்தையுமாக 2,563 பேர் உட்கார்ந்தால்தான் அவ்வளவு பெரிய கூடத்தில் எதிரொலி அடங்கி வசனம் எழுத்துக்கு எழுத்துக் கேட்கும். பக்கம் பக்கமாக வசனம் பேசுகிற ஒரு படத்தோடு அந்தத் தியேட்டர் திறந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மு. கருணாநிதியின் அடுக்குமொழி காதில் தெளிவாக விழ, ஊரே வந்து உட்கார வேண்டியிருந்தது. ஊர் வந்து உட்கார்ந்தது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சவுண்ட் பாக்ஸ் நல்லதாக இருந்தது, அவ்வளவுதான் என்றார். பொதுப்பணித்துறைக்காரரோடு வாதாட முடியாது. ஆனால் கல்லூரியில் படித்த நாள்களில் ஊரின் இன்னொரு பழைய அரங்கில் ஒரு பகல் காட்சிக்குப் போயிருந்தேன். அறுபது பேர் இருந்திருப்போம். கதாநாயகன் பேசிய ஒவ்வொரு சொல்லும் பின்சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. யாரோ இருமினார்கள், அந்த இருமல் கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு உட்கார்ந்தது. படம் மோசம் என்று நண்பன் சொன்னான். படம் மோசமில்லை. அந்தக் கூடத்தில் ஆள் போதவில்லை.

கேபினைப் பற்றி ஒரு வார்த்தை. 1952 என்பது நைட்ரேட் ஃபிலிம் விடைபெற்றுக்கொண்டிருந்த நேரம். அது தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஆகவே அக்காலக் கேபின்கள் கோட்டைக் காவலறை மாதிரி தடித்த சுவரும், ஓட்டைகளுக்கு இரும்பு மூடியுமாகக் கட்டப்பட்டன. உள்ளே இரண்டு புரொஜெக்டர்கள். மூன்று மணி நேரப் படம் என்றால் 16,000 அடிக்கு மேல் ஃபிலிம். அது பல சுருள்களாக வரும். ஒன்று முடிவதற்குள் அடுத்த மெஷினைக் கிளப்ப வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு கணம் ஒரு சிறு பொட்டு மின்னி மறையும். அது ஆபரேட்டருக்கான குறி. சில விநாடி கழித்து இரண்டாவது பொட்டு. அப்போது மாற்றிவிட வேண்டும். அண்ணன்மார் யாரோ இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து கதாநாயகி அழுகிற காட்சியிலும் நான் மூலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிச்சம் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரிகிற மின்தீயிலிருந்து வந்தது. கார்பன் தேயத் தேய ஆபரேட்டர் திருகிக் கிட்டே கொண்டுவர வேண்டும். அவர் அசந்தால் திரை மங்கும், முன்வரிசை கத்தும். அவ்வளவு பெரிய கூட்டத்தின் பொறுமை ஒரு விரலளவுக் குச்சியில் இருந்தது.

இரண்டாம் ஆட்டம் விட்டால் இரவு ஒரு மணி. மதுரையைத் தூங்கா நகரம் என்று சொல்வதற்குக் கோயிலும் சந்தையும் காரணம் என்றாலும் தியேட்டர்களுக்கும் அதில் பங்குண்டு. ரயில் நிலையம் நடக்கிற தூரம், பஸ் நிலையமும் அப்படியே. ஷிஃப்ட் முடித்த மில்காரர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட கிராமத்துக்காரர்கள், சித்திரைத் திருவிழாவுக்கு வந்து அழகரையும் பார்த்து அப்படியே ஒரு படத்தையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தெருவில் இறங்கினால் தோசைக்கல் எப்படி ஆறும்? பருத்திப்பால் தள்ளுவண்டிக்காரருக்கு அது உச்சி நேரம். சென்னை மாகாணத்தில் 1955இல் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957இல் அதன் விதிகளும் வந்து வாசல், நடைபாதை, கதவு என்று எல்லாவற்றுக்கும் அளவு சொல்லின. கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும் என்பது எனக்குப் பிடித்த விதி. உள்ளேயிருந்து வருகிற கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் கொட்ட வேண்டும், கதவு அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

இத்தனை பெரிதாக ஏன் கட்டினார்கள்? அகந்தை என்று சொல்வது சுலபம். அந்தக் காலத்துச் சினிமாக் கணக்கே அப்படித்தான். ஒரு படத்துக்குக் குறைந்த எண்ணிக்கையில்தான் பிரதி எடுத்தார்கள். ஊருக்கு ஒரு தியேட்டரில் ஒரு பிரதி. அது நூறு நாள் ஓடும், அந்த நூறு நாளில் ஊரும் சுற்றுப்பட்டுக் கிராமங்களும் வந்து பார்த்துவிட்டுப் போகும். அந்தக் கணக்கில் பெரிய கூடம் லாபம். மதுரையில் அந்தக் கணக்குக்கு முன்னுதாரணமும் இருந்தது. 1937இல் தியாகராஜ பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’ சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் அதே பெயரில் மதுரையில் ஒரு தியேட்டரே எழும்பியது. ஒரே படம் ஒரு கட்டடத்தைக் கட்டும் என்பதைக் கண்ணால் பார்த்த ஊர், பதினைந்து வருடம் கழித்து அதைவிடப் பெரிதாகக் கட்டத் துணிந்ததில் என்ன ஆச்சரியம்?

பிறகு கணக்கு மாறியது. கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்ததும் எங்கள் தெருவின் ஆன்டெனாக்கள் எல்லாம் ஒரே திசையில், மலையைக் கும்பிட்டபடி நின்றன. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் மூன்று படம் பார்ப்பது திருமண வீட்டு வழக்கமாகியது. 1993இல் சன் டிவி. படங்களுக்கு ஏராளமான பிரதிகள் எடுத்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தியேட்டர்களில் போட்டு, முதல் வாரத்திலேயே வசூலை முடித்துக்கொள்ளும் முறை. நூறு நாளில் வரவேண்டிய கூட்டம் பத்து இடங்களில் பத்து நாளில் பிரிந்து போனது. 2,563 இருக்கையைத் தூசு தட்டவே கூலி கட்டாத நிலை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் 19 சென்ட் நிலத்தின் விலையை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தங்கம் பல வருடங்கள் பூட்டிக் கிடந்தது. அந்த வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சுவரொட்டிக்காரர்களுக்கு மட்டும் அது நீளமான நல்ல சுவர்.

இடிக்கிற நாள்களில் ஒருமுறை அந்த வழியாகப் போனேன். பஸ் பிடிக்கிற அவசரம், இருந்தாலும் நின்றேன். ஒரு பக்கம் திறந்துகிடந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அந்தச் சரிவு தெரிந்தது. எத்தனையோ தடவை இருட்டில் காலால் மட்டும் அறிந்திருந்த அந்தச் சாய்வை முதல்முறையாக வெயிலில், பக்கவாட்டில் பார்த்தேன். நான் நினைத்ததைவிட அது குறைவாகத்தான் சரிந்திருந்தது. கூடத்துக்குள் பகல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தைத் தடுக்கவே கட்டிய கட்டடத்துக்குள் அப்படி வெயில் அடிப்பதைப் பார்க்க, வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த ஆட்டோக்காரர், "எவ்வளவு இரும்பு தேறும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் ஒரு தொகை சொன்னார். நல்ல தொகைதான்.

காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்பவர்களிடம் எனக்குப் பதில் இல்லை. சென்னை அண்ணா சாலையில், 1913இல் வார்விக் மேஜர் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் இன்றும் நிற்கிறது. அஞ்சல்துறை அதை வாங்கி, இப்போது அங்கே தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான பிரிவு இயங்குகிறது. அது பிழைத்ததற்குக் காரணம் அது சிறியது என்பதுதான் என்று நினைக்கிறேன். சிறிய கட்டடம் எந்த வேலைக்கும் போகும். எத்தனையோ தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகியிருக்கின்றன. முதல் வேலையாக அந்தச் சரிவை மண் கொட்டிச் சமப்படுத்துகிறார்கள். பந்தி போட்டால் இலையில் ரசம் ஓடக் கூடாதல்லவா? 2,563 பேரை ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பார்க்கவைப்பதற்கென்று கட்டிய கூடத்துக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியதாக நம்மிடம் இப்போது என்ன இருக்கிறது? கிரிக்கெட் என்று மகள் சொன்னாள். அதையும் அவள் கைப்பேசியில்தான் பார்க்கிறாள்.

சேலைகள் ஒருவழியாக முடிவாகி, பில் போட்டுக் கீழே வந்தோம். அப்பா சோபாவில் இல்லை. தேடினால், தரைத்தளத்தின் கடைசிக் கோடியில், சட்டைத் துணி அடுக்குகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். வாசலிலிருந்து உள்நோக்கி, ஒரு கையைக் கவுண்டரின் விளிம்பில் வைத்துக்கொண்டு, குதிகாலை முதலில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து நடந்துகொண்டிருந்தார். பளபளவென்று மட்டம் பிடித்துப் போட்ட டைல்ஸ் தரை அது. மூட்டு வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லையே" என்றார். "திரை எந்தப் பக்கம் இருந்தது அப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார். கையை ஒரு பக்கம் நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டு இன்னொரு பக்கம் நீட்டினார். அதற்குள் விற்பனைப் பையன் ஒருவன் வந்து, என்ன வேண்டும் ஐயா என்று கேட்டுவிட்டான்.

"பனியன்" என்றார் அப்பா. "கை வைத்தது. தொண்ணூறு சைஸ். எந்த மாடி?"